ஆட்டத்தாளில் எழுதாமல் விட்ட சொல்

முனைவர் செல்வகுமார் பொய் எழுதியிருக்கிறார்.

கார்ல்ஸ்ரூஹே தமிழர்கள் இந்த வருடம் வெளியிட்ட பொங்கல் மலரில் அவருடைய கட்டுரை இருக்கிறது. மாணவராக இருந்த காலத்தில் பல்கலைக்கழகக் கழகங்களின் ஐஸ் ஹொக்கி லீக்கில் விளையாடியதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு பந்தியைத் தவிர மற்றதெல்லாம் நல்ல கட்டுரைதான். அந்தப் பந்தி இது: "எதிரணிக்காரன் என்னை இழிவாகப் பேசினான். அது எனக்கு வலிக்கவில்லை. தண்டனைப் பெட்டியில் கதவு திறந்துகொண்டிருந்த ஓர் இலங்கைத் தமிழர், தமிழன் என்றும் பாராமல் எனக்கு எதிராக எழுதிக் கொடுத்தார். ஒரு பருவம் முழுவதும் விளையாடத் தடை. அதுதான் வலித்தது."

கதவு திறந்த ஆள் நான்தான். பெயர் தர்மலிங்கம்.

செல்வகுமார் அடித்தார். அடித்ததை நான் எழுதினேன். தடை ஒரு பருவம் அல்ல, ஆறு ஆட்டம். அது ஏன் ஆறாகக் குறைந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை எழுத மலரில் இடம் கிடைக்கவில்லை போல.

நான் கட்டுரை எழுதுகிற ஆள் அல்ல. ஐஸ் மண்டபத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டுப் பென்ஷனில் இருக்கிறவன். இப்போது அங்கே தண்டனை வாங்கைப் பார்க்கிறவள் அனுஷா என்கிற எங்கள் சனத்துப் பெண்ணொருத்தி, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வாங்கு என்று நாங்கள் சொல்வது பெஞ்சைத்தான். அவள் அந்த மலரைக் கொண்டுவந்து காட்டி, "அங்கிள், இது நீங்களோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். "உண்மையாவோ?" என்றாள். "பாதி" என்றேன். "அப்ப மற்றப் பாதியை எழுதுங்கோ" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எண்பத்து நாலில் கிழக்கு பெர்லின் வழியாக ஜேர்மனிக்கு வந்தேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவன் நான். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவதுதான் வேலை. பஸ்ஸும் எரிந்து, எழுதுகிற கொப்பியும் எரிந்த பிறகு வந்துவிட்டேன். கார்ல்ஸ்ரூஹேவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில், அகதிகள் விடுதியில் போட்டார்கள். ஒரு அறையில் ஆறு பேர். எங்கள் கையில் தந்த கடதாசியில் இரண்டு விஷயம் பெரிதாக அடித்திருந்தது. வேலை செய்யக்கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது.

சம்பளத்துக்கு வேலை செய்யத்தான் தடை. நகரசபைக்குப் பொதுநல வேலை என்று கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். சிலரை பூங்காவில் இலை கூட்ட விட்டார்கள், சிலரை மயானத்தில் புல்லுப் பிடுங்க விட்டார்கள். என்னை ஐஸ் மண்டபத்துக்கு அனுப்பினார்கள். அதுவரைக்கும் நான் ஐஸைப் பார்த்தது மீன் பெட்டியில் மட்டும்தான்.

அங்கே பொறுப்பாக இருந்தவர் ஹெர் ப்ரூனர். ஹெர் என்றால் ஜேர்மன் மொழியில் திரு. ஐஸைப் பராமரிப்பதும் அவர், மாணவர் லீக்கின் ஆட்டங்களுக்கு எழுத்தரும் அவர். முன்பு ரெயிலில் ரிக்கற் பார்த்தவர், முதுகில் ஏதோ பிரச்சினை என்று இந்த வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அறுபது வயதுக்குக் கிட்ட. சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் பென்சிலின் பின்பக்கத்தால் கண்ணாடியில் இரண்டு தரம் தட்டுவார். அந்த இரண்டு தட்டுக்கு மண்டபமே அடங்கும். இரண்டு நிறுத்தற் கடிகாரங்களைக் கழுத்தில் போட்டிருப்பார். ஒன்று பழுதானால் மற்றது. இரண்டும் வேறு வேறு நேரம் காட்டினால் எதை நம்புவது என்று ஒருநாள் கேட்டேன். "அப்படிக் காட்டினால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன்" என்றார். அது பகிடியா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் நேரக்காப்பாளராக இருந்தவன் என்று அறிந்ததும் என் கையில் இருந்த விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டு ஒரு கடிகாரத்தைத் தந்தார். தண்டனை வாங்கு எனக்கு வந்தது அப்படித்தான்.

இந்த விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஐஸ் ஹொக்கியில் பிழை செய்தவன் வெளியே போய் ஒரு அடைப்புக்குள் குந்தியிருக்க வேண்டும். சின்னப் பிழைக்கு இரண்டு நிமிடம், பெரியதற்கு ஐந்து. அதுவரைக்கும் அவனுடைய அணி ஒரு ஆள் குறைவாக விளையாடும். அந்த அடைப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் நான். அவன் எத்தனை மணிக்கு வந்தான், எதற்காக, எத்தனை மணிக்குப் போகலாம் என்று எழுத வேண்டும். கடைசிப் பத்து வினாடியைச் சத்தமாக எண்ண வேண்டும். பூச்சியத்துக்குத்தான் தாழ்ப்பாளை எடுக்க வேண்டும். அடைப்புக்குள்ளேயும் அதற்கு முன்னாலேயும் நடப்பதற்கு நான் சாட்சி. நடுவர் மைதானத்தின் மற்றப் பக்கத்தில் நின்றால் என்னிடம் வந்து கேட்பார். ஆட்டம் முடிந்ததும் எல்லாம் ஆட்டத்தாளில் ஏறும். இரண்டு அணித்தலைவர்களும் நடுவரும் கையெழுத்து வைப்பார்கள். கையெழுத்து விழுந்தால் தாள் பூட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு எழுத்துக்கூடச் சேர்க்க முடியாது.

வெளியே வர முதல் எல்லாரும் கெஞ்சுவார்கள். ஒரு மருத்துவ மாணவன் இருந்தான், எங்கள் விடுதிக்கு வந்து என் அறைத்தோழர் யோகன் அண்ணையின் காதுக்கு மருந்து போட்டுவிட்டுப் போன பிள்ளை. ஒருநாள் அவன் அடைப்புக்குள் இருந்தான். இன்னும் மூன்று வினாடி இருக்கிறது. எழுந்து நின்று என்னைப் பார்த்து, "தயவு செய்து" என்றான். டொக்டர் கேட்கிறார், எப்படி மறுப்பது? கதவைத் திறந்துவிட்டேன். கண்ணாடியில் இரண்டு தட்டு. ஆட்டம் நின்றது. ப்ரூனர் எழுந்து இரண்டு அணிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பிழை எங்களுடையது." டொக்டரைத் திரும்பக் கூப்பிட்டு, அந்த மூன்று வினாடியையும் இருக்கவைத்து விட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, "இந்தப் பெட்டிக்குள் டொக்டர் இல்லை. நம்பர்தான் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான் எனக்குப் படிப்பித்த படிப்பு. அது போதுமாக இருந்தது.

செல்வகுமார் எண்பத்தாறில் வந்தார். அவருடைய நம்பர் ஏழு. கோவில்பட்டிக்காரர். அங்கே சின்ன வயதிலிருந்து புல்தரை ஹாக்கி விளையாடியவராம். பொறியியல் ஆராய்ச்சிக்கு உதவித்தொகையில் வந்த இடத்தில், குளிருக்கு நடுவில் சறுக்கப் பழகி இந்த லீக்கில் சேர்ந்துவிட்டார். முதல் மாதம் விழுந்தபடியே இருந்தார். ஆனால் பந்துக்குப் பதிலாக இங்கே இருக்கிற ரப்பர் வட்டு அவருடைய தடிக்கு வந்தால் யாரும் பறிக்க ஏலாது. இடுப்பை வளைத்து நிலத்தோடு நிலமாகக் குனிந்து விளையாடுவார். ஜேர்மன்காரர் யாரும் அப்படி விளையாடமாட்டார்கள். எனக்குப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல்தரம் இரண்டு நிமிடத் தண்டனைக்கு வந்து குந்தியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழா?" என்றார்.

"ஓம்."

"ஓமா? அப்ப சிலோன். ஏண்ணே, இங்க என்ன பண்றீங்க?"

"கதவு திறக்கிறன்."

"அப்ப திறங்க."

"இன்னும் ஒண்டரை நிமிஷம் இருக்கு."

"நம்மூர்க்காரனுக்கு ஒரு டிஸ்கவுண்ட் கிடையாதா?"

"இல்லை."

விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கு வந்தாலும், "என்னண்ணே, கடை திறந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். ஒரு தைப்பொங்கலுக்கு முறுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்து தந்தார். நல்ல முறுக்கு. இதையும் நான் மறைக்கவில்லை.

அடுத்த மாரிக் குளிரில் அது நடந்தது. மன்ஹைம் அணி எங்கள் மண்டபத்துக்கு வந்திருந்தது. அவர்களுடைய பதினாலாம் நம்பர் செல்வகுமாரின் காலை இடறிவிட்டதற்காக மற்றப் பக்க அடைப்பில் இருந்தான். அந்தக் கதவும் எனக்கு எட்டுகிற தூரம்தான். செல்வகுமாரிடமிருந்து வட்டைப் பறிக்க ஏலாமல்தான் இடறினான். அதனால் அவன் உள்ளேயே புகைந்துகொண்டிருந்தான். நேரம் முடிந்தது. எண்ணினேன். திறந்தேன். அந்த நேரம் செல்வகுமார் எனக்கு முன்னால், வேலியோரம், ஒரு பாய் நீளத் தூரத்தில் நின்றார். நடுவர் அந்தப் பக்கக் கோல் கம்பத்தடியில்.

பதினாலாம் நம்பர் வெளியே போகிறபோது ஒரு சொல் சொன்னான். கத்தவில்லை. செல்வகுமாருக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, சிரித்துக்கொண்டு சொன்னான். அசுலாண்டன்ஷ்வைன். தமிழில் சொன்னால் அகதிப் பன்றி.

செல்வகுமார் தடியை இரண்டு கையாலும் தூக்கி அவனுடைய முன்கையில் போட்டார். எலும்பு வெடித்த சத்தம் எனக்குக் கேட்டது. தற்செயலாகப் பட்டது அல்ல, குறிவைத்து அடித்த அடி. நான் ஆறடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

விசில் ஊதினார்கள். நடுவர் வரும்வரை செல்வகுமார் என் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம் என்ன சொன்னார் என்று மலரில் அவர் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

"கேட்டீங்களாண்ணே? என்னைப் போய் அகதிங்கறான்! என்னைப் பார்த்தா அகதி மாதிரியா இருக்கு? நான் ஸ்காலர்ஷிப்ல வந்தவன்ணே!"

கடிகாரத்தை நிறுத்தினேன்.

பிறகு அவருக்கே பயம் வந்துவிட்டது. குரல் இறங்கியது. "அண்ணே, நான் அடிச்சதை எழுதாதீங்க. தடி வழுக்கிடுச்சுன்னு எழுதுங்க. சீசன் தடை போட்டாங்கன்னா யுனிவர்சிட்டிக்கு லெட்டர் போகும். ஸ்காலர்ஷிப் போயிடும்ணே. நீங்களும் தமிழ்தானே?"

"நான் கண்டதை எழுதுவன்" என்றேன்.

நடுவர் வந்து கேட்டார். அடித்ததைச் சொன்னேன். இரண்டு கை, தடி, முன்கை, குறிவைத்து. அதற்கு முன் ஏதாவது பேச்சு நடந்ததா என்று கேட்டார். ஓம், பதினாலாம் நம்பர் ஒரு கெட்ட சொல் சொன்னான் என்றேன். என்ன சொல்? "கெட்டது" என்றேன். என்ன சொல் என்று திரும்பவும் கேட்டார். "மிகவும் கெட்டது" என்றேன். நடுவர் தோளைக் குலுக்கினார். தாளின் பின்பக்கத்தில் எழுதினார்: தண்டனை வாங்கின் தகவல்படி, ஒரு கெட்ட சொல். கையெழுத்துகள் விழுந்தன. தாள் பூட்டியாகிவிட்டது.

என்னுடைய பிழை இதுதான். செல்வகுமார் எழுதியதில் இது இல்லை, ஏனென்றால் அவர் என்னை வேறு பிழைக்குக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறார். அடித்ததை எழுதியது பிழை அல்ல. அந்தச் சொல்லை எழுதாமல் விட்டதுதான் பிழை.

ஏன் விட்டேன்? கடதாசியில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்கள் நாங்கள். அதில் ஊத்தைச் சொல் எழுதுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. வீட்டில் யாராவது யாரையாவது ஏசினால்கூட, "ஒரு வார்த்தை சொல்லிப்போட்டான்" என்றுதான் மற்ற ஆளிடம் சொல்வோம். என்ன வார்த்தை என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே கேட்கிறார்கள். கேட்பது அவர்களுடைய சட்டம். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்தச் சொல்லில் முதல் பாதி நான். என் கையில் இருந்த கடதாசியில் எழுதியிருந்தது அதுதான். என் வாயால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் ப்ரூனர் ஆட்டத்தாளின் நகலை மேசையில் வைத்து, அந்த வரியின் மேல் பென்சிலை வைத்தார்.

"கெட்ட சொல் என்றால் என்ன?"

"கெட்டது."

"அது உன்னுடைய அபிப்பிராயம். எனக்கு உன்னுடைய அபிப்பிராயம் வேண்டாம். அவன் வாயிலிருந்து வந்தது வேண்டும்."

சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்துத் திறந்து காட்டினார். இழிசொல்லால் தூண்டப்பட்ட அடிக்குத் தடை குறையும், தூண்டியவனுக்கும் தடை விழும். ஆனால் சொன்ன சொல் அப்படியே தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாட்சி விசாரணைக் குழுவுக்கு முன்னால் நேரில் வந்து சொல்ல வேண்டும். கடிதம் செல்லாது. அந்தச் சொல் இல்லாவிட்டால் செல்வகுமார் சும்மா ஒருவனுடைய கையை உடைத்த ஆள். பருவம் முழுவதும் தடை. பதினாலாம் நம்பருக்கு ஒன்றுமில்லை.

"விசாரணை எங்கே?" என்று கேட்டேன்.

"மன்ஹைமில். செவ்வாய்க்கிழமை, மூன்று மணி."

மன்ஹைம் எங்கள் மாவட்டத்துக்கு வெளியே. அவருக்கும் அது தெரியும். "உன்னைப் போ என்று நான் சொல்ல முடியாது" என்றார். "போகாதே என்றும் சொல்லமாட்டேன். மண்டபத்தைச் செவ்வாய்க்கிழமை நான் பூட்டுகிறேன்."

வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேட்டேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தார். காரணம் கேட்டார். ஐஸ் ஹொக்கி என்றேன். பேனையைக் கீழே வைத்தார். கலியாணம், செத்தவீடு, வைத்தியர், வழக்கறிஞர், இவற்றுக்குத்தான் அனுமதி என்றார். விசாரணை என்றேன். நீதிமன்றமா என்று கேட்டார். விளையாட்டு விசாரணை என்றேன். "விளையாட்டு" என்று எழுதி, பக்கத்தில் "இல்லை" என்று எழுதினார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவரும் தன் தாளில் உள்ளதைத்தான் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை விடுதியில் சப்பாத்துப் போடுகிறேன். என் அறையில் இருந்த யோகன் அண்ணை கட்டிலில் இருந்தபடி கேட்டார்.

"எங்கை போறாய்?"

"மன்ஹைமுக்கு."

"அனுமதி தந்தவங்களே?"

"இல்லை."

"விசரே உனக்கு? ஆரோ ஒரு இந்தியன் ஐஸில சறுக்கிறதுக்கு நீ மறியல்வீட்டுக்குப் போகப்போறியே?"

"அவர் சறுக்கிறதுக்கு இல்லை அண்ணை. நான் ஒரு சொல்லை எழுதாமல் விட்டிட்டன்."

"அப்ப இஞ்சை இருந்து எழுதி அனுப்பன்."

"ஏலாது. தாள் பூட்டியாச்சு."

"தாளைப் பூட்டுறதோ? என்ன, நகைப்பெட்டியே அது?" எழுந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்ரை இந்த ஜக்கெற்றைக் கண்டாலே பொலிஸ் பிடிப்பான். இந்தா, என்ரை கோட்டைப் போடு. இந்த ஊர் டொச்சுக்காரன் மாதிரி இருப்பாய்."

"கறுப்பு டொச்சுக்காரனோ?"

"கதைக்காமல் போடு. கொலரைத் தூக்கிவிடு."

ரெயிலில் ஏறினேன். பெட்டியில் ப்ரூனர் இருந்தார், நாலு இருக்கை தள்ளி. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டவும் இல்லை. பத்திரிகை வாசித்துக்கொண்டு வந்தார்.

விசாரணை ஒரு விளையாட்டு மண்டபத்தின் பின்னறையில் நடந்தது. சுவர் முழுக்கக் கிண்ணங்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒரு பக்கம் செல்வகுமாரும் அவருடைய அணித்தலைவனும். மற்றப் பக்கம் பதினாலாம் நம்பர், கை முழுக்கக் கட்டு. என்னைக் கண்டதும் செல்வகுமாரின் முகம் கறுத்தது. நான் இன்னும் கொஞ்சம் எதிராகச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

குழுத் தலைவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். முகவரி கேட்டார். சொன்னேன். தொழில் என்ன என்று கேட்டார். நேரக்காப்பாளர் என்று சொல்ல பஸ் நிலையம் இல்லை. என் கடதாசியில் இருந்த ஒரே சொல்தான் வாயில் வந்தது. அதைச் சொல்ல முதல், பின் வாங்கிலிருந்து ப்ரூனரின் குரல் கேட்டது. "தண்டனை வாங்குப் பொறுப்பாளர்" என்றார். ஜேர்மன் மொழியில் அது ஒரே நீளமான சொல். குழுத் தலைவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அதுவரைக்கும் ஜேர்மனியில் என் பெயருக்குப் பக்கத்தில் யாரும் ஒரு தொழிலை எழுதியதில்லை.

முதலில் அடித்ததைச் சொன்னேன். இரண்டு கை, தடி, முன்கை, குறிவைத்து. ஒன்றையும் குறைக்கவில்லை. செல்வகுமார் நிலத்தைப் பார்த்தார். பிறகு தலைவர் கேட்டார், பதினாலாம் நம்பர் என்ன சொன்னார் என்று.

சொன்னேன்.

தலைவர் இருமினார். "பதிவுக்காக, எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்" என்றார்.

எழுத்துக் கூட்டினேன். ஜேர்மன் மொழியில் பதினாறு எழுத்து. விடுதியில் படிவம் நிரப்பி நிரப்பி முதல் பாதி எனக்கு நன்றாகப் பழக்கம். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பதினாறாவது எழுத்துக்கு வரும்போது எனக்கு வெட்கம் போய்விட்டது. என்ன காரணமோ தெரியாது. அந்தச் சொல் இப்போது என்னிடம் இல்லை, அந்தத் தாளில் இருக்கிறது என்கிற மாதிரி இருந்தது.

பதினாலாம் நம்பரிடம் கேட்டார்கள். முதலில் இல்லை என்றான். பிறகு என்னைப் பார்த்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சும்மா பகிடிக்குச் சொன்னது" என்றான். முடிந்தது. அவனுக்கு நாலு ஆட்டத் தடை. செல்வகுமாருக்கு ஆறு. பருவத் தடை இல்லாதபடியால் பல்கலைக்கழகத்துக்குக் கடிதமும் இல்லை.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் செல்வகுமார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தேங்க்ஸ்ணே" என்றார். கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு ஒன்று சொன்னார்.

"ஆனா நீங்க இன்னொண்ணும் சொல்லியிருக்கலாம்ணே. நான் அகதி கிடையாது, ஸ்டூடண்ட்டுன்னு. அவங்க மூணு பேருக்கும் அது தெளிவாகியிருக்கும்ல."

"ஓம்" என்றேன்.

அணித்தலைவனின் காரில் ஏறிப் போனார். பின்னிருக்கையில் இரண்டு பெரிய ஹொக்கிப் பைகள் இருந்தன. பைகளை மேலே ஏற்றிக் கட்டியிருந்தால் இன்னொரு ஆள் இருக்கலாம். நான் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

மன்ஹைம் ரெயில் நிலையத்தில், மேடையில் வைத்துப் பொலிஸ் பிடித்தது. யோகன் அண்ணையின் கோட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. கடதாசியைப் பார்த்தார்கள். எல்லை தாண்டியிருக்கிறாய் என்றார்கள். ஓம் என்றேன். ப்ரூனர் பக்கத்தில் வந்து நின்றார். எனக்காக வாதாடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, எழுதிய அறிக்கையைத் தான் வாசிக்கலாமா என்று. பொலிஸ்காரர் கொடுத்தார். ப்ரூனர் கடைசிவரை வாசித்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரம் பிழை" என்றார். "நாலு இருபது என்று எழுதியிருக்கிறீர்கள். இவரை நீங்கள் நிறுத்தியது நாலு பதினெட்டு."

பொலிஸ்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெட்டிவிட்டுத் திருத்தி எழுதினார். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

தண்டம் விதித்தார்கள். என் கோப்பில் ஒரு தாள் ஏறியது. இன்னொரு தரம் தாண்டினால் சிறை என்றார்கள். எண்பத்தெட்டில் நான் வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தபோது அதே அலுவலகம் அந்தத் தாளை எடுத்து முன்னால் வைத்தது. அதற்கு ப்ரூனர் ஒரு கடிதம் எழுதினார். நான் அதை வாசித்திருக்கிறேன். என்னைப் புகழ்ந்து ஒரு வரியும் இல்லை. இவர் தன் பதிவில் ஒரு பிழை விட்டார், அந்தப் பிழையைத் திருத்துவதற்காக எல்லை தாண்டினார், எனக்குப் பதிவு எழுத ஆள் தேவை. மூன்று வரி. கீழே கையெழுத்து. அனுமதி கிடைத்தது.

அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் என் வாழ்க்கை நன்றாகவே போனது. ஐஸ் இயந்திரம் ஓட்டினேன். ப்ரூனர் ஓய்வுபெற்றதும் அவருடைய இரண்டு கடிகாரங்களும் என் கழுத்துக்கு வந்தன. எத்தனையோ பேரை அந்தப் பெட்டிக்குள் இருத்தியிருக்கிறேன். இப்போது வைத்தியர்களாகவும் பேராசிரியர்களாகவும் இருக்கிறவர்கள் தெருவில் கண்டால், "ஹெர் தர்மா, நான் எத்தனை நிமிடம்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். முழங்கால் நோகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. யாருக்கும் நான் எதிராக எழுதியதில்லை. ஆதரவாகவும் எழுதியதில்லை. நடந்ததை எழுதினேன்.

இப்போது கடதாசி இல்லை, கையில் ஒரு திரை கொடுத்திருக்கிறார்கள். அதில் "இழிசொல்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. தொட்டால் சரி என்று விழும். என்ன சொல் என்று எழுத இடமே இல்லை. நான் அன்றைக்கு விட்ட பிழையை இன்றைக்கு இயந்திரத்துக்கே பழக்கிவிட்டார்கள். அனுஷாவிடம் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் ஒரு கொப்பியும் வை, சொன்ன சொல்லை அப்படியே எழுது, கை கூசினாலும் எழுது என்று. எழுதுகிறாள்.

செல்வகுமார், இனி உம்மோடு நேராகப் பேசுகிறேன். ஆறை ஒரு பருவம் என்று எழுதினீர். வயதாகிவிட்டது, மறந்திருக்கலாம், விட்டுவிடுகிறேன். மன்ஹைமுக்கு யார் வந்தது என்று எழுதவில்லை. அதையும் விட்டுவிடுகிறேன், நான் என்னுடைய பிழையைத் திருத்தத்தான் வந்தேன். நன்றி எனக்கு வேண்டாம், அது வாகனத் தரிப்பிடத்திலேயே தந்துவிட்டீர். முறுக்கும் தந்தீர்.

ஆனால் "இழிவாகப் பேசினான்" என்று எழுதினீரே, என்ன பேசினான் என்று ஏன் எழுதவில்லை? நான் அன்றைக்குக் கெட்ட சொல் என்று எழுதவைத்த மாதிரித்தான் நீர் இன்றைக்கு எழுதியிருக்கிறீர். எனக்கு அப்போது விதி தெரியாது. உமக்குத் தெரியும்.

அந்தச் சொல்லில் இரண்டு பாதி இருந்தது. அடித்துவிட்டு நீர் என்னிடம் சொன்னதில் ஒரு பாதிதான் இருந்தது. விசாரணை முடிந்து சொன்னதிலும் அதே பாதிதான். அதனால் கேட்கிறேன். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்ல வேண்டாம். அடுத்த பொங்கல் மலரில், எல்லாரும் வாசிக்கிற இடத்தில், உம்முடைய பெயர் போட்டு எழுதும். அந்தத் தடியை நீர் தூக்கியது, அவன் உம்மைப் பன்றி என்றதற்கா, அகதி என்றதற்கா?